கயிற்றின் வழியே வந்த துடிப்பு

மச்சான்,

நேற்று இரவு பெய்த மழையில் கூரை ஒழுகி உன் கயிறு நனைந்துவிட்டது. குசினியில் அடுப்புக்கு மேலே, மேல்வளையில் அது இத்தனை வருஷமாகச் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தபோது மணம் மூக்கில் ஏறியது. ஊறிய தும்பு, அதற்குள் பழைய உப்பு, அதற்கும் உள்ளே உன் கை. உடனே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. நீ செத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. இன்னமும் என் வீட்டுக் குசினிக்குள் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாய்.

கயிற்றை எடுத்து முற்றத்தில் காயப் போட்டேன். உன் தங்கச்சி கண்டுவிட்டாள். கல்யாணம் கட்டி எத்தனை வருஷமானாலும் அவள் முதலில் உன் தங்கச்சி, பிறகுதான் என் பெண்சாதி.

"இஞ்ச, என்ன செய்யிறியள்? பிள்ளை பிறக்க முந்தி ஏணைக்குக் கயிறு எடுக்கிறதோ?"

"ஏணைக்கில்லை. காய வைக்கிறன்."

"காய வையுங்கோ. ஆனா அதைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. அண்ணையோட சண்டை பிடிக்கிற முகம் வந்திட்டுது உங்களுக்கு."

எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ.

ஓம் மச்சான், ஏணை கட்டிப் பிள்ளையை ஆட்டும் காலம் வரப்போகிறது. மகள் பவளத்துக்கு இப்போது ஏழாம் மாதம். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்து இருக்கிறாள். சும்மா இருக்க அவளுக்கு ஏலாது. பிடித்து வைத்துப் படிப்பிக்க நான்தான் அகப்பட்டேன். இந்த மடலை நான்தான் எழுதுகிறேன், நானே, என் கையால். நீ பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உலகச் செய்தியெல்லாம் வாசிக்க, நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 'துறைமுகம்' என்ற சொல்லை முதன்முதலில் எழுதிய அன்று ஒரு பின்னேரம் முழுவதும் அதிலேயே போனது. இப்போது பார், ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். இதைப் பார்க்க நீ இல்லை என்பதுதான் எரிச்சல். பவளம் என் எழுத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, உங்கட 'ற' மாமா எழுதின மாதிரியே இருக்கு." அதிலும் நீ.

இங்கிலீசுக்காரனின் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவன் கடலடியில் விட்டுப்போன சங்கிலியும் நங்கூரமும் நம் இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டன. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவேன். நீ வள்ளத்தில் நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பாய். சுழியோடியின் கயிறு மச்சானின் கையில்தான் இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். கூலிக்கு நிற்கிறவன் கண்ணயர்ந்துவிடுவான். அண்ணன் தம்பிக்குள் காணிச் சண்டை இருக்கும். பெண்சாதியின் உடன்பிறந்தவன் மட்டும் தன் சகோதரி தாலி அறுப்பதற்குச் சம்மதிக்க மாட்டான் என்று யாரோ ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் தன் உயிரை மச்சானின் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறவனுக்கு அந்த மச்சான்மேல் எவ்வளவு எரிச்சல் வரும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

கயிற்றுப் பேச்சு நமக்குள் மிகவும் சின்னது. கீழேயிருந்து நான் ஒரு இழுப்பு இழுத்தால், தூக்கு. மேலேயிருந்து நீ படபடவென்று விடாமல் இழுத்தால், ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா. அவ்வளவுதான்.

அந்த வேலை என் காதுகளைத் தின்றுவிட்டது. முதலில் வலது காது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது. பக்கத்தில் நின்று உரத்துப் பேசினால் கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. உன் காதுகளோ வள்ளத்தில் காற்று வாங்கிக்கொண்டு பத்திரமாக இருந்தன. தூரத்தில் ஆட்களை ஏற்றிவரும் மூதூர் லோஞ்ச் படகின் சத்தத்தை நீதான் எப்போதும் முதலில் சொல்வாய். நான் அதைப் புகை தெரிந்த பிறகு அறிந்துகொள்வேன்.

உன் தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. ஒன்று காய்ச்சலோடு, பாதி மாதத்தில். மற்றது வளர்ந்து, உருவாகி, அழாமல் பிறந்தது. மூன்றாவது தங்கியபோது வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதுவும் போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அப்போதுதான் நம் கிளினிக்குக்குப் பேறு பார்க்கப் புதிதாக ஒரு மருத்துவமாது வந்திருந்தாள். எல்லாரும் மிசி என்று கூப்பிடுவார்கள். பெண்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் போய் நிற்க எனக்கு வெட்கம். நீ கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது வாசல் படலையடியிலேயே கத்தினாய்.

"மச்சான், நான் கேட்டனான்!"

"என்னத்தை?"

"உன்ர பிள்ளையின்ர நெஞ்சு அடிக்கிறதை! மிசி ஒரு மரக்குழலைத் தங்கச்சியின்ர வயித்தில வைச்சுக் காதைக் குடுத்தா. நான் எட்டி எட்டிப் பாத்தன். 'தம்பியும் கேக்கப் போறீங்களோ' எண்டா. கேட்டன். குதிரைக்குட்டி ஓடுற மாதிரி, மச்சான். நம்மட நெஞ்சை விட ரெண்டு மடங்கு வேகம்."

நான் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. என் பிள்ளை. என்னைவிட முதலில் நீ கேட்டிருக்கிறாய்.

அடுத்த கிளினிக்குக்கு வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு நானே போனேன். மிசி குழலை வைத்துத் தந்தாள். குனிந்து வலது காதைக் கொடுத்தேன். இடது காதைக் கொடுத்தேன். கடலடியில் இருப்பது போல ஒரு கனமான அமைதி. "கேக்குதோ?" என்று மிசி கேட்டாள். உன் தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஓம், நல்லாக் கேக்குது" என்றேன். வாசலில் நின்ற நீ என் காதைப் பார்த்தாய்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், நான் அடியில் ஒரு சங்கிலிக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் கயிறு படபடவென்று அடித்தது. சுறா என்று நினைத்தேன். கொக்கியை எறிந்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தேன்.

"என்னடா? எங்க?"

நீ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். "ஒண்டுமில்லை. அதுதான் உன்ர பிள்ளை."

"என்ன?"

"அதின்ர நெஞ்சு இப்பிடித்தான் அடிக்குது. நீ கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், மச்சான். அதுதான் கயித்தில அனுப்பினனான்."

நான் அன்று உன்னைத் திட்டிய திட்டில் பக்கத்து வள்ளத்துக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எழுத்தில் எழுதக்கூடிய சொல் அதில் ஒன்றும் இல்லை. எழுதினாலும் பவளம் திருத்தமாட்டாள். திட்டி முடித்து மூச்சு வாங்கினேன். பிறகு சொன்னேன், "இன்னொருக்கா இழு." மறுபடியும் இறங்கினேன். பச்சைத் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு தொங்கினேன். இடுப்பில் என் பிள்ளை ஓடியது.

அதற்குப் பிறகு தினமும் ஒருமுறை இழுப்பாய். நானும் காத்திருப்பேன். ஆனால் சந்தோஷத்தோடு எரிச்சலும் வரும். என் பிள்ளையின் துடிப்பு உன்னிடம் இருந்தது. நீ தந்தால்தான் எனக்கு.

மிசி சொன்னவை எல்லாமும் உன் வழியாகத்தான் வந்தன. வயிற்றுக்குள் பிள்ளை தண்ணீருக்குள்தான் கிடக்கிறது, மூச்சு விடுவதில்லை, சாப்பாடும் காற்றும் தொப்புள்கொடி வழியாகத்தான் போகின்றன என்று நீ சொன்ன நாளில் எனக்கு அந்தப் பிள்ளைமேலேயே பொறாமை வந்தது. நான் மூச்சைப் பிடித்து நெஞ்சு வெடிக்க மேலே வருகிறேன். அது மாதக்கணக்கில் ஆறுதலாகக் கிடக்கிறது. விரல்கள் வந்துவிட்டன, விரல் சூப்பும், காது கேட்கத் தொடங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னாய். "நீ கதைக்கிறது அதுக்குக் கேக்கும், மச்சான். அது உன்னைக் கேக்குது. நீதான் அதைக் கேக்கேல்லை." அதையும் சொல்லிவிட்டுச் சிரித்தாய். என்ன மனிதன் நீ.

அயலில் இருந்த பெண்கள் உன் தங்கச்சியை அரை வயிறு சாப்பிட வைத்திருந்தார்கள். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று அவர்களுக்குப் பயம். முந்தின இரண்டுக்கும் அதே சாப்பாடுதான். மிசி அவளுடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தம் இல்லை என்று சொல்லி, விழுங்க இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தாள். அவளோ அது வயிற்றைப் பிரட்டுகிறது என்று கிணற்றடி வாழைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். நீ அதைக் கண்டுபிடித்தாய். எனக்குச் சாப்பாட்டுக் கதை புரியவில்லை. பெண்களின் விஷயம், அவர்களுக்குத் தெரியும் என்றேன். நீ வள்ளத்தில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

"இண்டைக்கு நான் ஒண்டும் சாப்பிடேல்லை. நேத்தும் அரை வயிறுதான். கை நடுங்குது. இறங்குவியோ?"

"விசரோ உனக்கு? பட்டினி கிடந்தவன்ர கையில கயித்தைக் குடுத்திட்டு எவன் இறங்குவான்?"

"அப்ப உன்ர பிள்ளை மட்டும் இறங்கிக் கிடக்குது. அதின்ர கயித்தைப் பிடிச்சிருக்கிறது என்ர தங்கச்சி. அவளுக்கு நீ அரை வயிறு குடுக்கிறாய்."

அன்று நான் கடலில் இறங்காமல் கரைக்குத் திரும்பி நேரே சந்தைக்குப் போனேன். ஈரல் வாங்கினேன். சின்ன மீன் வாங்கினேன். வரும் வழியில் முருங்கை இலை ஒடித்தேன். முன்னால் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைத்தேன். குளிசை விழுங்கிய கையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய்; அதனால் கேத்திலை ஒளித்து வைத்தேன். சுருட்டை வீட்டுக்குள் பற்ற வைப்பதையும் விட்டேன். மழையில் மாட்டுக்கொட்டிலுக்குள் நின்று புகைக்கும்போது உன்னை நினைத்துத்தான் பல்லைக் கடிப்பேன். இதையெல்லாம் நானே யோசித்திருக்கலாம். அவள் சாப்பிட்டுவிட்டு, "அண்ணை சொன்னவர் எண்டுதானே வாங்கினனீங்கள்?" என்றாள். நான் சட்டியில் மிச்சமிருந்த ஈரலையும் அவள் முன்னால் வைத்தேன்.

பிறகு அந்த நாள். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. கரைக்குக் கிட்ட, ஆழம் குறைந்த இடத்தில்தான் வேலை. நான் அடியில் இருந்தபோது கயிறு படபடவென்று அடித்தது. எனக்குச் சந்தோஷம். என் பிள்ளை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தேன். இன்னும் வேகமாக அடித்தது. இன்றைக்கு மச்சான் நல்ல மனதோடு இருக்கிறான் என்று சிரித்தேன். அதற்குள் நீ என்னை மீனைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டாய். உன் உள்ளங்கை உரிந்து கயிற்றில் இரத்தம் இருந்தது.

கரையில் அயல்வீட்டுக்காரி சேலைத் தலைப்பை வீசிக் கத்திக்கொண்டு நின்றாள். விடியற்காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. அசைவு குறைந்தால் வீட்டில் இருந்து யோசிக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்று மிசி சொல்லி வைத்திருந்ததால் உன் தங்கச்சி முதலில் மிசிக்கு ஆள் அனுப்பியிருந்தாள். நாம் வீட்டுக்கு ஓடியபோது மிசி அங்கே இருந்தாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா எனக்குப் பிடிக்கேல்லை. அந்தக் கரைக்கு, பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும், இப்பவே."

அந்தக் கடலுக்கு லோஞ்ச் ஓடவில்லை. நம் வள்ளத்தின் பாய்மரத்தில் பாயை விரித்தோம். உன் தங்கச்சியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, மிசி அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் சுக்கானில். கொட்டியாரக் குடாவில் அலை வள்ளத்துக்கு மேலால் போனது. நீ மிசியின் குழலை வாங்கித் தங்கச்சியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாய். மற்றக் கையால் பின்பக்கம் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தாய். விரலால் தட்டத் தொடங்கினாய்.

குதிரைக்குட்டி ஓடியது.

நான் ஒரு கையால் சுக்கானைப் பிடித்து, மற்றக் கையை உன்னிடம் விட்டுவிட்டு, குடாவுக்கு அப்பால் தெரிந்த கோணமலையைப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் முகத்தில் அடித்தது. நீ நிறுத்தவில்லை. ஒருமுறை பெரிய அலையில் உன் பிடி விலகியது. அந்த நேரம் எனக்கு உலகம் இல்லை. பிறகு உன் விரல் திரும்ப வந்தது. நீ தட்டினாய், நான் ஓட்டினேன். அப்படித்தான் பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

பவளம் பிறந்தாள். சின்னவள், நீலம் பாரித்தவள், கழுத்தில் கொடி சுற்றியவள். ஆனால் அழுதாளாம். அந்த அழுகையும் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் சனம் சொல்லும். மாமன் நேராக முகம் பார்க்கக் கூடாது, எண்ணெய்க்குள் விழும் நிழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நர்ஸ் பிள்ளையைக் கொண்டு வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு கிழவி பதறினாள். "தம்பி, நீ மாமனெல்லோ! பாக்காத, எண்ணெய் கொண்டு வரட்டும்!"

"கயிறு சுத்தினதுக்கு நான் பயப்பிடுறதோ, ஆச்சி? என்ர தொழிலே கயிறுதானே."

சொல்லிவிட்டு நீ கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிவிட்டாய். அவளுடைய முகத்தையும் நீதான் முதலில் பார்த்தாய். பேரையும் நீதான் சொன்னாய். பெற்றவன் நான் உனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நீ எத்தனையோ வருஷம் நல்ல சுகத்தோடு இருந்தாய். ஆனாலும் உன் செத்த வீட்டில் ஒருத்தி, "கொடி சுத்தின பிள்ளையைப் பாத்தவர்தானே" என்று சொன்னாள். நானே எழும்பி அவளை ஏசினேன்.

மிசி இடம் மாறிப் போகும்போது நம் வீட்டுக்கு வந்து ஒரு கதை சொன்னாள். "ஐயா, அண்டைக்கு அந்தக் கடல் இரைச்சலில மனுசர் ஒருத்தருக்கும் குழலில ஒண்டும் கேட்டிராது. உங்கட மச்சான் எப்பிடி விடாமல் தட்டினவர் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்."

நான் அன்றே உன்னிடம் வந்து கேட்டேன். நீ வலையைப் பிரித்துக்கொண்டு இருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம், கேக்கேல்லை. நான் தட்டாமல் விட்டா நீ சுக்கானை விட்டிருப்பாய்."

"அப்ப பிள்ளை இருக்குதோ இல்லையோ எண்டு உனக்குத் தெரியாதோ?"

"எப்பிடித் தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னாய். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றுதான் உன்மேல் எனக்கு இருந்த பொறாமைகளில் பெரியது தொடங்கியது. உன் காது, உன் படிப்பு, உன் தங்கச்சி உன்மேல் வைத்த நம்பிக்கை எல்லாம் சின்னவை. என் கையில் நீ தட்டிக்கொண்டு வந்தாய். உன் கையில் யார் தட்டினார்கள்? ஒன்றும் கேட்காமல், ஒன்றும் தெரியாமல், அவ்வளவு தூரக் கடலையும் அப்படிக் கடக்க எனக்கு ஏலாது. என்னால் ஏலாத ஒன்றை நீ செய்துவிட்டு, அதைப் பற்றி வாய் திறக்காமல் வலை பிரித்துக்கொண்டிருந்தாய்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலுக்குக் காரணம். கவனமாகக் கேள்.

போன கிழமை இப்போதைய மிசி வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண். அவளுடைய குழல் மரமில்லை, வெள்ளைத் தகரம் போல மினுங்குகிறது. பவளத்தின் வயிற்றில் வைத்துக் கேட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"பிள்ளை, எனக்குக் காது கேளாது. நீ கேட்டுக்கொண்டே என்ர கையில தட்டிக் காட்டுவியோ?"

அவள் பவளத்தைப் பார்த்தாள். பவளம், "தட்டுங்கோ மிசி, அவருக்கு விளங்கும்" என்றாள். அவள் ஒரு காதைக் குழலில் வைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டினாள்.

மச்சான், அதே வேகம். ஒரு தட்டு அதிகமில்லை, குறைவுமில்லை. வள்ளத்தில் நீ தட்டினாயே, அதே. உனக்கு அன்று கேட்கவில்லைதான். ஆனால் நீ பொய் தட்டவில்லை. ஒருமுறை கேட்டதை அப்படியே உள்ளே வைத்திருந்திருக்கிறாய். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. "என்ன ஐயா, பலமாத் தட்டிட்டனோ?" என்று அந்தப் பெண் பயந்துபோனாள்.

மருமகனுக்குப் புல்மோட்டையில் மணல் ஆலையில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். இந்தச் சனிக்கிழமை நான் படலையடியில் காத்திருந்தேன். அவரைச் சைக்கிளை நிறுத்தக்கூட விடவில்லை. கையைப் பிடித்தேன், தட்டினேன்.

"என்ன மாமா இது?"

"உங்கட பிள்ளை. நெஞ்சு இப்பிடித்தான் அடிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டனீங்களோ? எனக்கு முந்தியோ?"

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சிரிக்கிற வாய், எரிகிற கண். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். நான் எத்தனையோ வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தது. அதை இன்னொருவனிடம் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், உன்னைப் போல. மருமகன் சைக்கிளைப் படலையில் சாய்த்துவிட்டுத் திரும்பக் கையை நீட்டினார்.

"இன்னொருக்காத் தட்டுங்கோ, மாமா."

தட்டினேன். விரல் என்னுடையதுதான். ஓட்டம் உன்னுடையது. கயிறு இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது, திரும்ப மேல்வளையில் மாட்டியிருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகுதான் ஏணைக்கு இறக்குவேன். இந்தத் தட்டலையாவது நான் முதலில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னை விட்டிருக்கலாம் நீ, மச்சான்.